கோடு சொன்னால்தான் விற்பாராம்

அத்தியாயம் 17

தன் பணத்தைத் தன் புருஷனிடமிருந்து திரும்ப வாங்க, ஒரு பெண் கணினித் திரையில் ஓடும் கோட்டின் அனுமதிக்குக் காத்திருந்ததை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம் அக்கா சில வாரங்களாக அப்படித்தான் காத்திருக்கிறாள். நமக்கே பொறுமை போய்விட்டது. அவளுக்கு எப்படி இருக்கும்?

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கா பல் கட்டும் லேபில் வேலை செய்கிறாள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்குப் பொருந்துகிற பல்லைப் பீங்கானில் செய்து, உலையில் சுட்டு, நிறம் ஏற்றி அனுப்புவது அவள் வேலை. லேபின் முதலாளியம்மா மகளோடு போய் இருக்கப் போகிறார். உலையையும் அறையையும் அக்காவுக்கே கொடுக்க அவருக்கு ஆசை. ஆனால் இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று போன வாரம் கெடு வைத்திருந்தார்.

அக்காவிடம் பணம் இல்லாமல் இல்லை. ஊரார் பல்லைச் செய்து, தன் பல்லைக் கடித்துச் சேர்த்த பணம் முழுசாக இருக்கிறது. இருக்கும் இடம்தான் தகராறு. அது ஒரு குழாய் கம்பெனியின் ஷேராக இருக்கிறது. அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தவர் அவளுடைய வீட்டுக்காரர்.

அந்த வீட்டுக்காரருக்கு அக்காவின் தம்பி வைத்த பெயர் சராசரியார். டயர் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனிதர். ஏதோ ஒரு ஓட்டல் மாடியில் ஷேர் மார்க்கெட் வகுப்பு என்று இரண்டு நாள் போனார். திரும்பி வரும்போது ஞானியாக வந்தார். அடுத்த மாதமே வேலையை விட்டார். அவருடைய சொந்தப் பணம் என்ன ஆனது என்பதை ஒன்பதாம் அத்தியாயத்தில் பார்த்தோம். பார்த்து முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் அக்காவின் பெயரில் கணக்குத் திறந்தார்.

"பணம் உன்னுது. பேரு உன்னுது. மூளை மட்டும்தான் என்னுது" என்று அன்றைக்குச் சொன்னார்.

முதல் இரண்டும் போனால் அவருக்கு ஒரு சேதமும் இல்லை. மூன்றாவது போக வேண்டுமானால் முதலில் அது இருந்தாக வேண்டும்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

* * *

வீட்டின் முன்னறைக்கு இப்போது ஆபீஸ் என்று பெயர். ஜன்னலில் கருப்புத் திரை. மேஜையில் மூன்று மானிட்டர். அதில் ஒன்று வேலை செய்யாது, வயர்கூடக் கிடையாது. கம்பீரத்துக்காக வைத்திருக்கிறார். மார்க்கெட் நேரத்தில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது, வாஷிங் மெஷின் ஓடக் கூடாது, வாசல் மணி ஒலிக்கக் கூடாது. மணியின் வயரை அவரே பிடுங்கிவிட்டிருந்தார். வருகிறவர்கள் கதவைத் தட்டி, யாரும் திறக்காமல், திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள்ளேயே உட்காரப் போகிறவர், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றாள் அக்கா.

"தெரியும்."

"இன்னிக்கு வித்துத் தர்றேன்னு சொன்னீங்க."

"கோடு சொன்னா வித்துத் தர்றேன்னு சொன்னேன். வார்த்தையை மாத்தாதே."

அந்தக் கோடு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், அவர் சொல்கிற அளவுக்கு அது பெரிய வித்தை இல்லை. ஒரு ஷேரின் கடைசி ஐந்து நாள் விலையைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஒரு புள்ளி. மறுநாள் பழைய நாள் ஒன்றைத் தள்ளிவிட்டு, புது நாளைச் சேர்த்து, மறுபடி வகுத்தால் அடுத்த புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. இதற்கு நகரும் சராசரி என்று பெயர். இதேபோல இருபது நாளுக்கும் ஒரு கோடு. ஐந்து நாள் கோடு சட்டென்று திரும்பும், இருபது நாள் கோடு நிதானமாகத் திரும்பும். சின்னது பெரியதுக்கு மேலே போனால் வைத்துக்கொள், கீழே வெட்டினால் விற்றுவிடு. அவ்வளவுதான் மொத்த வேதமும்.

கோட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. விலை இதுவரை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அது ஒழுங்காகக் காட்டும். புத்தியுள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டு நாலு பக்கமும் விசாரிப்பார்கள். நம்மவர் விசாரிக்க மாட்டார். வீட்டுக்குப் பேப்பர் வருவதை நிறுத்திவிட்டார். டிவியில் செய்தி வந்தால் எழுந்து போய்விடுவார். கம்பெனியிலிருந்து மெயில் வந்தால் திறக்காமலே அழித்துவிடுவார்.

"செய்தியெல்லாம் சத்தம். எல்லாமே விலையில இருக்கு" என்பார். ஓட்டல் மாடியில் யாரோ சொன்னது. தானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்வார்.

போதாததற்கு, ஆப்பில் தானாக வருகிற கோடுகளையும் நம்ப மாட்டார். தினமும் மத்தியானம் ஒரு தடவை விலையைத் தன் கையால் தட்டெழுதி, தன் சொந்தக் கோட்டைத் தானே வரைவார். மற்றவன் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை என்று விரதம் இருப்பவர்கள் உண்டல்லவா, அந்த ஜாதி.

"இங்க பாரு" என்று திரையைக் காட்டினார். "அஞ்சு நாள் கோடு மேல நிக்குது. மேல நிக்கிற வரைக்கும் கைவைக்கக் கூடாது. கீழ வெட்டுச்சுன்னா அந்த நிமிஷமே வித்துடுவேன். யாரையும் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்."

"என்னைக்கூடவா?"

"உன்னை எதுக்குக் கேக்கணும்?"

அவர் வம்புக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

சமையலறையிலிருந்து மாமியார் டம்ளரில் காபியோடு வந்தாள். மகனுக்கு மட்டும்தான். "அவன் யோசிக்கிற நேரத்துல குறுக்கே பேசாதேம்மா. டயர் கம்பெனியில அவனோட மூளையைப் புரிஞ்சுக்க ஒருத்தனுக்கும் துப்பில்ல. வீட்லயாவது அவனை நிம்மதியா விடு."

"அத்தே, இன்னிக்குச் சாயங்காலம் நான் முதலாளியம்மாவுக்குப் பதில் சொல்லணும்."

"சொல்லு. அவன் கோடு போட்டுக்கிட்டு இருக்கான்னு சொல்லு."

அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே சராசரியார் குரல் கேட்டது. "கதவை மெதுவா சாத்தச் சொல்லும்மா. மார்க்கெட் திறக்கப் போகுது."

அவள் அறைந்து சாத்தினாள். நல்ல வேளை, அதையாவது செய்தாள்.

* * *

லேப் மூன்றாவது மாடியில் இருக்கிறது. அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்துபோட்டு, குழிக்குள் தலையை நீட்டி டார்ச் அடித்துக்கொண்டிருந்தவன் அக்காவின் தம்பி. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கிற கம்பெனியில் அவன் மெக்கானிக். மூச்சு வாங்க ஏறி வந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, கோடு உத்தரவு போட்டுச்சா?"

"வாயை மூடிட்டு லிஃப்டைப் பாரு."

"லிஃப்ட் தேவலை. மேல போகுது, கீழ வருது, ஏன்னு கேட்டா காரணம் தெரியுது."

அக்கா உள்ளே போனாள். மேஜையில் ஒரு வாத்தியாரம்மாவின் முன்பல் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்ட பல். மற்ற பற்களை விட வெளுப்பாக இருக்கிறது என்று புகார். அக்கா பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத்தில் துளி மஞ்சள் ஏற்ற ஆரம்பித்தாள். வேலையில் கை இறங்கினால் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். அந்த மறதிக்காகவே அவளுக்கு அந்த உலை வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மத்தியானம் முதலாளியம்மா சாப்பாட்டு டப்பாவோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு ரொம்ப குஷியா இருப்பாரே?" என்றார்.

"ஏன்மா?"

"என்ன ஏன்னு கேக்கறே? உங்க பணமும் அந்தக் குழாய் கம்பெனியிலதானே இருக்கு? என்கிட்டயும் கொஞ்சம் கிடக்கு. ஒண்ணு வெச்சிருந்தா நாலு இலவசம்னு போனஸ் கொடுத்திருக்காங்களே. ஒரு மாசமா பேப்பர்ல, டிவியில எல்லாம் இதே பேச்சு. இன்னிலேர்ந்துதான் விலை மாறுது. ஆயிரத்துல இருந்தது இன்னிக்கு இருநூறு."

அக்காவின் கையில் இருந்த தூரிகை நின்றது. "இருநூறா?"

"பயப்படாதே. ஒரு முழு ரொட்டியை அஞ்சு துண்டா வெட்டினா ஒரு துண்டு சின்னதாத்தானே இருக்கும்? ரொட்டி குறைஞ்சா போச்சு? நேத்து வரைக்கும் யார் கையில ஷேர் இருந்துச்சோ அவங்களுக்கு ஒண்ணுக்கு நாலு அடுத்த வாரம் கணக்குல வந்துடும். இன்னிக்கு வித்துட்டாக்கூட அந்த நாலு உன்னுதுதான்." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மேலே சொன்னார். "காலையிலேர்ந்து விலை கொஞ்சம் ஏறிக்கூட இருக்கு."

உங்களுக்கு இப்போது விஷயம் புரிந்திருக்கும். அக்காவுக்கும் புரிந்தது. சராசரியார் தன் கையால் தட்டெழுதுகிற பட்டியலில் நேற்று வரை ஆயிரம், ஆயிரம் என்று இருக்கும். அதற்குக் கீழே இன்று இருநூறு என்று எழுதுவார். பழைய விலைகளையெல்லாம் ஐந்தால் வகுத்துத் திருத்திக்கொண்டால் கோடு அசையாது. திருத்த வேண்டும் என்று தெரிய, போனஸ் விஷயம் தெரிய வேண்டும். போனஸ் தெரிய, செய்தி பார்க்க வேண்டும். அவர்தான் பார்க்க மாட்டாரே.

ஐந்து நாள் கோடு தலைகுப்புற விழும். இருபது நாள் கோட்டை வெட்டும். அவர் விற்றுவிடுவார். இன்றைக்கு விற்றாலும் அந்த நாலு தன்னுடையதுதான் என்று முதலாளியம்மா சொன்னது அந்த அவசரத்தில் அக்காவின் மனதில் நிற்கவில்லை.

அக்கா போனை எடுத்தாள்.

"ஏங்க, ஒரு விஷயம். அந்தக் குழாய் கம்பெனி..."

"மார்க்கெட் நேரம்! அறிவிருக்கா?"

"ஒரே ஒரு வார்த்தை. அந்தக் கம்பெனியில இன்னிக்கு..."

"செய்தியா? செய்தி சொல்லப் போறியா? வேண்டாம். என் காதுல எதையும் போடாதே. நான் இப்ப எந்த நெலைமையில இருக்கேன்னு உனக்குத் தெரியாது."

"தெரியும்ங்க. அதனாலதான் சொல்ல வர்றேன்."

"உனக்கு என்ன தெரியும்? பல்லு தெரியும். எதுவா இருந்தாலும் மார்க்கெட் மூடினப்புறம் பேசு."

போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தார். எழுதியாவது அனுப்பலாம் என்று தட்ட ஆரம்பித்தாள். 'விக்காதீங்க' என்று முடிப்பதற்குள் அவள் போனுக்கே தகவல் வந்துவிட்டது. கணக்கு அவள் பெயரில் அல்லவா? குழாய் கம்பெனி ஷேர் மொத்தமும் விற்பனை முடிந்தது. விலை, இருநூறும் சில்லறையும்.

பிறகு தெரிந்த கதை ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சராசரியார் திறந்து வைத்திருந்த ஆப்பில், அந்த நிமிஷம், அந்தக் கம்பெனியின் பெயர் பச்சையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பச்சை என்றால் ஏறுகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆப் போனஸைக் கணக்கில் சேர்த்துத் தானே திருத்திக்கொண்டது. அவரும் பச்சையைப் பார்த்திருக்கிறார். ஆப்பில் கோளாறு என்று முடிவு கட்டியிருக்கிறார். உலகம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்றால் தப்பு உலகத்தின் மேல்தான்.

அக்கா எழுந்து வெளியே வந்தாள். தம்பி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் லிஃப்ட் கதவில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவளுக்குக் கோபம் வந்தது.

"சிரிக்காதேடா."

"சிரிக்காம? அக்கா, நல்லா யோசிச்சுப் பாரு. உனக்கு நஷ்டம் எங்க? அவர் வித்தது அஞ்சுல ஒரு பங்கு. சரியான விலைக்குத்தான் வித்திருக்காரு. மிச்சம் நாலு பங்கு அடுத்த வாரம் உன் கணக்குல வந்து உக்காரும். அதுல அவர் கைவைக்கவும் மாட்டாரு. ஏன்னா அப்படி ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியாது."

அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவன் சொல்வது சரி என்று புரியச் சற்று நேரம் ஆனது.

"சொல்லாதே" என்றான் தம்பி. இப்போது அவன் சிரிக்கவில்லை. "சொன்னா அந்த நாலையும் கோட்டுல கட்டித் தொங்க விட்டுடுவாரு. உன் உலை கனவுதான்."

"சொல்லாம எப்படிடா இருக்கிறது? எல்லாம் போச்சுன்னு நெனச்சு மனுஷன் உடைஞ்சு போயிருப்பார்."

"உடையட்டும்."

"உனக்குப் புருஷனா இருந்தா தெரியும்" என்றாள் அக்கா. "சாயங்காலம் போய்ச் சொல்லத்தான் போறேன்."

உள்ளே போய் முதலாளியம்மாவிடம் நடந்ததைச் சொல்லாமல், கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள். விற்ற பணம் வந்ததும் முன்பணம், மீதி அந்த நாலு பங்கு வந்ததும். முதலாளியம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சரி, உலை உனக்குத்தான். இன்னொருத்தர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா அடுத்த வாரம் தாண்டக் கூடாது. தாண்டினா என் மேல வருத்தப்படாதே."

அக்கா வாத்தியாரம்மாவின் பல்லை எடுத்து உலைக்குள் வைத்தாள். சுட்டு எடுத்தபோது நிறம் அப்படியே ஒத்துப்போயிருந்தது. சந்தோஷத்தில் பூதக்கண்ணாடியை மேஜையிலேயே மறந்துவிட்டுக் கிளம்பினாள்.

* * *

தம்பியும் கூடவே வந்தான். வேடிக்கை பார்க்கத்தான். துணைக்கு என்று சொல்லிக்கொண்டான்.

ஆபீஸ் அறையில் கருப்புத் திரை பாதி விலகியிருந்தது. சராசரியார் தரையில் உட்கார்ந்திருந்தார். பொத்தான்கள் மட்டும் மணிக்கட்டு வரை போட்டபடியே இருந்தன. பக்கத்தில் மாமியார் ஒரு பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"போச்சு" என்றார் அவர். "எல்லாம் போச்சு. ஆயிரத்துல இருந்தது, மத்தியானம் விலையை எழுத உக்காந்தா இருநூறு."

அழுதார். நிஜமான அழுகை. மூக்கு ஒழுகியது. எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதே மாதிரி அழுதவர் இவர். அந்த மனிதர் இன்னும் உள்ளே எங்கேயோ இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் தரையில் அவர் எதிரே உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி வாசலில் நின்று தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் அவனைப் பார்க்கவில்லை.

"ஏங்க, அழாதீங்க. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க."

"நீ சொல்லாதே" என்று கையை உருவிக்கொண்டார். "நீ போன் பண்ணினியே, அப்பவே கவனம் சிதறிடுச்சு. நீ மட்டும் பண்ணாம இருந்திருந்தா இன்னும் நாலு ரூபா மேல வித்திருப்பேன்."

"நான் போன் பண்ணினது எதுக்குன்னா..."

"காலங்காத்தால பணம் பணம்னு இவ நின்னா எது நிலைக்கும்?" என்றாள் மாமியார், விசிறிக்கொண்டே. "கதவை வேற அறைஞ்சுட்டுப் போனா."

அக்கா அதையும் விழுங்கினாள். மறுபடி வாயைத் திறந்தாள். அதற்குள் சராசரியார் சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மானிட்டரைப் பார்த்ததும் முகத்தில் பழைய களை வந்தது. ஒரு மனிதன் இவ்வளவு சீக்கிரம் தேறுவதை நான் பார்த்ததே இல்லை.

"ஆனா ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார். "கோடு பொய் சொல்லலை. அஞ்சு நாள் கோடு வெட்டுச்சு, நான் வித்தேன். ஒரு நிமிஷம் தயங்கலை. திங்கட்கிழமை பாருங்க, இந்த ஷேர் அம்பதுக்கு வரும். ஊரே மாட்டிக்கிட்டு முழிக்கும். நான் ஒருத்தன்தான் தப்பிச்சேன்."

"என் புள்ளை!" என்றாள் மாமியார். விசிறல் வேகம் கூடியது.

"தப்பிச்சது யாரோட பணம்ங்க?" என்றாள் அக்கா.

"பணம் யாரோடதுங்கிறது இங்க விஷயமே இல்ல. முறை தப்பலை. அதைப் பாரு. அஞ்சுல ஒரு பங்கையாவது காப்பாத்திக் குடுத்திருக்கேன். நியாயமா நீ எனக்கு நன்றி சொல்லணும்."

தம்பிகூடச் சிரிக்கவில்லை.

"அந்த உலையை மறந்துடு" என்று அவர் தொடர்ந்தார். "உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? கூலிக்குப் பல்லு செஞ்சா போதாதா? மிஞ்சினதை என்கிட்ட விடு. ஒரு சிமென்ட் கம்பெனி பார்த்து வெச்சிருக்கேன். அஞ்சு நாள் கோடு இப்பத்தான் மேல வருது."

அக்கா அவரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சு மனிதரைத் தேடினாள் என்று நினைக்கிறேன். நாற்காலியில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று உட்கார்ந்து சிமென்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

சொல்ல வந்ததை அவள் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் விட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

"நீங்க சொல்றது சரிதாங்க" என்றாள் மெதுவாக. "என் ராசிதான் சரியில்ல. இனிமே என் பேர்ல எதுவும் வேண்டாம். நல்லது பண்றதை உங்க பேர்லயே பண்ணுங்க. அந்தக் கணக்குல இப்ப ஷேர் ஒண்ணும் இல்லதானே? பாஸ்வேர்டைக் குடுங்க, நானே மூடிடறேன்."

சராசரியார் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். மனைவி தன் ராசியைத் தானே ஒப்புக்கொண்டது அவருக்குத் திருப்தியாக இருந்தது. "மூடிடு. மார்க்கெட்குரு, ஒண்ணு ரெண்டு மூணு."

"அதுதான் பாஸ்வேர்டா?" என்றான் தம்பி.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல மாமா. பொருத்தமா இருக்கு."

* * *

சமையலறையில் அக்கா போனை எடுத்துக் கணக்குக்குள் நுழைந்தாள். மூடவில்லை. பாஸ்வேர்டை மட்டும் மாற்றினாள். என்ன போட்டாள் என்று தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. முன்பல்லின் ஓரத்தில் மஞ்சள் ஏற்றுகிற கை அது.

"இப்ப என்ன தோணுது?" என்றான் தம்பி.

"அசிங்கமா இருக்கு. பதினோரு வருஷத்துல இதுதான் நான் அவர்கிட்ட மறைக்கிற முதல் விஷயம்." சற்று நின்று சொன்னாள். "ஆனா வருத்தமா இல்ல. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

பேட்டரி தீர்ந்துகொண்டிருந்ததால் போனை முன்னறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து, அரிசி களைந்து குக்கரை அடுப்பில் ஏற்றினாள். மார்க்கெட் மூடியாகிவிட்டது, குக்கர் விசில் அடிக்கலாம். தம்பி யாரையும் கேட்காமல் வாசலுக்குப் போய் மணியின் வயரைத் திரும்ப மாட்டினான். ஒருமுறை அழுத்திப் பார்த்தான். வீடு முழுக்கக் கேட்டது.

அவன் திரும்பி வந்து உட்காருவதற்குள் முன்னறையில் அக்காவின் போன் அடித்தது. அவள் ஈரக் கையைத் துடைப்பதற்குள் சராசரியார் எடுத்துவிட்டார்.

"ஹலோ... இல்ல, நான் அவளோட வீட்டுக்காரர்... ஓ, லேப் முதலாளியம்மாவா... பூதக்கண்ணாடியா? மறந்துட்டாளா? எப்பவுமே இப்படித்தான், கவனம் பத்தாது... சரி, சொல்றேன்."

தம்பி எழுந்துவிட்டான். அக்கா அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"என்னது? வாழ்த்தா? எனக்கு எதுக்குங்க வாழ்த்து?"

மறுமுனையில் முதலாளியம்மா விளக்கிச் சொன்னார் போலிருக்கிறது.

"ஒண்ணுக்கு... எவ்வளவுன்னு சொன்னீங்க?"

பிறகு, "நேத்து வரைக்கும் வெச்சிருந்தவங்களுக்கா?" என்றார். குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "ஆமாமா. தெரியும். தெரியாம என்ன? சும்மாதான் கேட்டேன்."

போன் மேஜையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. கீபோர்டு தடதடவென்று அடிபட்டது. நின்றது. மறுபடி அடிபட்டது, இந்த முறை ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக. மறுபடி நின்றது. "என்னடா கண்ணு, என்ன ஆச்சு?" என்று மாமியார் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

குக்கர் முதல் விசில் அடித்தது.

சமையலறை வாசலில் சராசரியார் வந்து நின்றார். சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அதே சிரிப்பைத்தான் சிரித்தார், அதற்கப்புறம் அக்கா அதைப் பார்த்ததில்லை. குரலில் அப்படி ஒரு குழைவு.

"ஏம்மா" என்றார். "அந்தப் பாஸ்வேர்டு... மாத்திட்டியா என்ன? புதுசு என்னன்னு சொல்லேன். சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

அக்கா அடுப்பின் தீயைக் குறைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி அவரை நேராகப் பார்த்தாள்.

"மார்க்கெட் மூடியாச்சுங்க" என்றாள். "எதுவா இருந்தாலும் திங்கட்கிழமை பேசிக்கலாம்."